ஒரு டாலருக்கு நிலா மண்: தோண்டறவனுக்கே சொந்தம்னா மத்த நாடுகளுக்கு என்ன?

கரிசல்காட்டான்:
வணக்கம் மக்களே. இங்க சட்டம் படிச்சவங்க, பாறை பத்தித் தெரிஞ்சவங்க, ராக்கெட் ஆளுங்க எல்லாரும் இருக்கறதால ரொம்ப நாளா மனசைக் குடையற விஷயத்தைக் கேட்டுடறேன். 2020 டிசம்பர்ல நாசா நாலு கம்பெனிக்கு ஒப்பந்தம் குடுத்துச்சு. வேலை என்னன்னா நிலாவுல 50 கிராம்ல இருந்து 500 கிராம் வரைக்கும் மண்ணை அள்ளணும், அள்ளினதை போட்டோ எடுத்து அனுப்பணும், அது கெடக்கற இடத்துலயே நாசாவுக்கு வித்துட்டதா எழுதிக் குடுக்கணும், அவ்ளோதான், பூமிக்குக் கொண்டு வரக்கூட வேணாம். லூனார் அவுட்போஸ்ட்னு ஒரு கொலராடோ கம்பெனி கேட்ட விலை 1 டாலர். ஜப்பானோட ஐஸ்பேஸும் அதோட லக்ஸம்பர்க் கிளையும் ஆளுக்கு 5,000 டாலர், மாஸ்டன்னு இன்னொரு அமெரிக்கக் கம்பெனி 15,000.

நாசாகிட்ட அப்போலோ காலத்துல கொண்டு வந்த 382 கிலோ கல்லும் மண்ணும் இருக்கு, அந்த அரைக் கிலோ அவங்களுக்கு எதுக்கு? வேண்டியது மண்ணு இல்ல, ரசீது. விண்வெளியில எடுத்ததை விக்கலாம் வாங்கலாம்னு ஒரு நடைமுறையை உண்டாக்கி வச்சுடணும், நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா "ஏற்கனவே நடந்துட்டு தானே இருக்கு"ன்னு காட்டணும். நிலா யாருக்கும் சொந்தமில்லன்னு சொல்ற 1967 ஒப்பந்தத்துல இன்னிக்கு எல்லா பெரிய நாடும் இருக்கு. நிலா சொந்தமில்ல, நிலாவோட மண்ணு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வக்கீல்_சுபா:
அண்ணா, 1967 விண்வெளி ஒப்பந்தத்தோட 2ஆவது ஷரத்துல இருந்தே ஆரம்பிக்கறேன். நிலா உட்பட எந்த விண்பொருளையும் எந்த நாடும் இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, ஆக்கிரமிச்சோ, வேற எந்த வழியிலயோ தன்னோடதா ஆக்கிக்க முடியாதுன்னு அதுல இருக்கு. இதுல சண்டை இல்ல. ஆனா தோண்டி வெளிய எடுத்த பொருளைப் பத்தி அந்த ஒப்பந்தம் வாயே திறக்கல, 1ஆவது ஷரத்தோ எல்லா நாட்டுக்கும் ஆராயவும் பயன்படுத்தவும் சுதந்திரம் உண்டுன்னு சொல்லுது. அந்த இடைவெளியிலதான் அமெரிக்கா 2015ல புகுந்துச்சு. எங்க நாட்டுக்காரன் விண்கல்லுல இருந்து எடுத்தது அவனுக்குச் சொந்தம், விக்கலாம், ஆனா நாங்க எந்த விண்பொருள் மேலயும் உரிமை கோரலன்னு ஒரே சட்டத்துல ரெண்டையும் எழுதிட்டாங்க. பின்னாடியே 2017ல லக்ஸம்பர்க், 2019ல அமீரகம், 2021ல ஜப்பான். எல்லாருக்கும் ஒரே வாதம்தான், நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்ல, பிடிச்ச மீன் பிடிச்சவனுக்குச் சொந்தம். நான் இந்த வாதத்தை ஏத்துக்க மாட்டேன். மீன் குஞ்சு பொரிக்கும், நிலாவோட பள்ளத்துல கோடிக்கணக்கான வருஷமா உறைஞ்சு கெடக்கற பனி எடுத்தா எடுத்ததுதான்.

நாடுதானே உரிமை கோரக் கூடாது, தனி ஆள் கோரலாமேன்னும் சிலர் கேக்கறாங்க. அதுவும் செல்லாது. 6ஆவது ஷரத்துப்படி தனியார் பண்ற வேலைக்கும் அந்தந்த நாடுதான் பொறுப்பு, அனுமதியும் தொடர்ந்த மேற்பார்வையும் கட்டாயம். ஈரோஸ் விண்கல் என்னோடதுன்னு ஒரு அமெரிக்கர் பதிவு பண்ணி வச்சுட்டு, 2001ல நாசாவோட விண்கலம் அதுல எறங்கினதும் பார்க்கிங் கட்டணம் 20 டாலர் கேட்டு பில் அனுப்பினார், அமெரிக்க கோர்ட்டே கேஸைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. நிலாவுல பிளாட் வாங்கி சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டி இருக்கவங்க நம்ம ஊர்லயும் உண்டு, அந்தக் காகிதத்துக்குச் சட்டத்துல மதிப்பே கிடையாது.

நம்ம நாட்டு நிலைமைதான் எனக்குக் கவலை. 1979 நிலா ஒப்பந்தம், நிலாவோட வளம் மனித குலத்தோட பொதுச் சொத்து, எடுக்கற காலம் வந்தா ஒரு சர்வதேச ஏற்பாடு பண்ணிப் பலனைப் பகிரணும்னு சொல்ற ஒப்பந்தம், அதுல இந்தியா 1982ல கையெழுத்து போட்டுச்சு, இன்னிவரைக்கும் உறுதிப்படுத்தல. 2023 ஜூன்ல, நிலா வேலைக்கு அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில கையெழுத்து, அது வளம் எடுக்கறதே உரிமை கோரறதா ஆகாதுன்னு சொல்லுது. ரெண்டு காகிதத்துலயும் நம்ம கையெழுத்து இருக்கு.

மூலதனம்77:
சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், காசு பக்கம் நான் சொல்றேன். பிளானட்டரி ரிசோர்சஸ்னு ஒரு கம்பெனி 2012ல பெரிய ஆரவாரத்தோட வந்துச்சு, கூகுளோட லாரி பேஜ், எரிக் ஷ்மிட் எல்லாம் முதலீடு, லக்ஸம்பர்க் அரசே கோடிக்கணக்கான யூரோ போட்டுச்சு. 2018ல அதை ஒரு பிளாக்செயின் கம்பெனி வாங்கி முடிச்சுட்டாங்க. டீப் ஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸும் அடுத்த வருஷமே வேற கைக்குப் போயிடுச்சு. 2025 பிப்ரவரியில ஆஸ்ட்ரோஃபோர்ஜோட ஓடின் விண்கலம் ஒரு விண்கல்லைப் பாக்கக் கிளம்புச்சு, கொஞ்ச நாள்ல தொடர்பே போயிடுச்சு. நீங்க சொன்ன நாலு ஒப்பந்தத்தையும் பாருங்க. மாஸ்டன் 2022லயே திவால். ஐஸ்பேஸ் 2023லயும் 2025லயும் ரெண்டு தடவையும் எறங்கும்போது மோதிடுச்சு. லூனார் அவுட்போஸ்ட் ரோவரை ஏத்திட்டுப் போன லேண்டர் 2025 மார்ச்சுல பக்கவாட்டுல சாஞ்சு விழுந்து ரோவர் வெளியவே வர முடியல. அந்த ஒரு டாலர் மண்ணைக்கூட யாரும் இன்னும் அள்ளிக் குடுக்கல.

சைக்கிங்கற உலோகம் நிறைஞ்ச விண்கல்லோட மதிப்பு 1-க்குப் பின்னாடி 19 சைபர் டாலர்னு ஃபார்வர்டு வருது பாருங்க, அதைத் தயவுசெஞ்சு யாரும் நம்பாதீங்க. உலகம் பூரா சுரங்கத்துல வருஷத்துக்கு வர்ற பிளாட்டினமே சுமார் 180 டன்தான். இன்னொரு 1,000 டன் வந்து எறங்கினா இன்னிக்கு விலை நாளைக்கு நிக்குமா? கொண்டு வந்தவனுக்கே நஷ்டம். இவ்வளவு ரிஸ்க் எடுத்து ஒருத்தன் காசைப் போடறான்னா எடுத்தது அவனுக்குத்தான்னு சட்டம் உறுதி சொல்லணும், இல்லன்னா பேங்கும் குடுக்காது முதலீட்டாளரும் குடுக்க மாட்டான். 1979 ஒப்பந்தம் படுத்துடுச்சுன்னா காரணம் அதுதான். இன்னிக்கு அதுல இருக்கறது இருபது நாடு கூட இல்ல, சவூதி உள்ள வந்துட்டு 2024 ஜனவரியில வெளிய போயிடுச்சு.

நாமக்கல்லான்:
எங்க ஊர்ப்பக்கத்துக்கும் இதுல ஒரு சம்பந்தம் இருக்குங்க. பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலைன்னு ஊருங்க இருக்கு, அங்க கெடக்கற அனார்த்தோசைட் பாறையும் நிலாவோட மேட்டு நிலத்துல இருக்கற பாறையும் ஒரே வகை. அந்தக் கல்லை வெட்டி எடுத்துட்டுப் போய் அரைச்சு மாவாக்கித்தான் இஸ்ரோ பெங்களூர்ல செயற்கை நிலாத்தரை போட்டு ரோவரை ஓட்டிப் பார்த்தாங்க, செஞ்ச முறைக்குப் பேட்டண்டும் வாங்கி வச்சிருக்காங்க. வெள்ளையும் சாம்பலுமா இருக்கும், கையில எடுத்து வெயில்ல திருப்பினா படிகம் மினுக்கும். இது வரைக்கும் அதை ஜல்லிக்கு உடைக்கற கல்லாத்தான் பார்த்தோம்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, தோண்டறதுங்கறது பேப்பர்ல எழுதற மாதிரி இல்ல. நிலாவுல காத்து இல்ல தண்ணி ஓட்டம் இல்ல, அதனால ஒவ்வொரு துகளும் மழுங்காம கூர்மையா இருக்கும், அப்போலோ ஆளுங்க சட்டையோட மூட்டு, சீல் எல்லாத்தையும் அரிச்சிருக்கு, உள்ள வந்த தூசி மூக்குல ஏறி அப்போலோ 17ல போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைப்பே வந்துச்சு. அந்த மனுஷனே இப்ப இண்டர்லூன் கம்பெனியோட நிறுவனர்கள்ல ஒருத்தர். ஹீலியம்-3ங்கற அரிய வகை ஹீலியம் வாயுவை எடுக்கப் போறோம்கறாங்க, குவாண்டம் கம்ப்யூட்டரைக் குளிர வைக்க வேணும்னு. 2025ல அமெரிக்க எரிசக்தித் துறை 3 லிட்டர் வாங்கிக்கறேன்னு ஒப்பந்தம் போட்டிருக்கு. 3 லிட்டர் வாயுன்னா எடை அரைக் கிராம் கூட வராது, 0.4 கிராம். நிலா மண்ணுல நூறு கோடிப் பங்குல பத்துப் பங்கு இருக்குன்னு வச்சு ஒரு பொட்டு விடாம எடுத்தாக்கூட அதுக்கு 40 டன் மண்ணை அள்ளி சூடாக்கணும். குவாரியில வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும், 40 டன்ங்கறது நமக்கு ரெண்டு மூணு டிப்பர் லோடு, ஒரு மணி நேர வேலை. அங்க எறக்கின மெஷின் பல்லு தேஞ்சா மாத்த ஆள் எங்க? இன்னிக்கு 3 லிட்டர்னா பரவால்ல, வியாபாரம்னு ஆகி கிலோ கணக்குல கேட்டா ஒரு கிலோவுக்கு லட்சம் டன் மண்ணு. அப்போ நிலாத் தரையை எத்தனை ஏக்கர் கிளறுவோம்னு இப்பவே கேக்கணும்ங்க.

ராக்கெட்_ராசா:
தங்கம் பிளாட்டினம் பத்தி எல்லாரும் பேசறோம், உண்மையான போட்டி தண்ணிக்கு. சந்திரயான்-1 தரவுல இருந்து 2009ல நிலாவுல நீர்த்தடயம் உறுதியாச்சு, அதே வருஷம் நாசா கேபியஸ் பள்ளத்துல ராக்கெட்டோட மேல்பகுதியை மோத விட்டுக் கிளம்பின புழுதியில 5 சதவீதத்துக்கும் மேல தண்ணின்னு கணக்குப் போட்டாங்க. தண்ணியைப் பிரிச்சா ஹைட்ரஜன் ஆக்சிஜன், அதுவே எரிபொருள். அதை பூமிக்குக் கொண்டு வர வேணாம், அங்கயே விக்கலாம். அதனால மூலதனம் அண்ணன் சொன்ன விலை சரியற பிரச்சினை இதுக்குக் கிடையாது, வாங்க ஆளு இருக்கானாங்கறதுதான் பிரச்சினை, இன்னிக்கு வாங்கப் போறது அரசாங்கங்கள் மட்டும்தான்.

இதுல நான் பயப்படற விஷயம் இடம். தென் துருவத்துல சில பள்ளத்துக்குள்ள வெயிலே படாது, மைனஸ் 200 டிகிரிக்கும் கீழ, பனி அங்கதான். அதுக்குப் பக்கத்துலயே சில மேட்டு விளிம்புகள்ல வருஷத்துல பெரும்பாலான நாள் வெயில் இருக்கும், சோலார் பேனல் நட அதைவிட நல்ல இடம் நிலாவுலயே இல்ல. ஆனா அந்த மாதிரி இடம் மொத்தமே கொஞ்சம், சிலது சில நூறு மீட்டர்தான். ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில பாதுகாப்பு வளையம்னு ஒண்ணு இருக்கு, என் வேலை நடக்கற இடத்தைச் சுத்தி நீ வந்தா முன்னாடியே சொல்லிட்டு வான்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு, பக்கத்துல ஒருத்தன் லேண்டர் எறக்கினா புழுதி தோட்டா மாதிரி பறக்கும், அடுத்தவன் கருவி காலி. ஆனா அந்த நூறு மீட்டர் விளிம்புல ஒருத்தன் பேனலை நட்டுட்டு சுத்தி வளையம் போட்டா, உரிமை கோரலன்னு வாயால சொன்னாலும் அந்த இடம் அவனோடதுதானே? சீனாவும் ரஷ்யாவும் தனியா ஒரு நிலா நிலையம் கட்டப் போறாங்க, அவங்க பார்வையும் தென் துருவம். ரெண்டு கூட்டமும் ஒரே மேட்டுக்கு வந்தா தீர்த்து வைக்க ஒரு அமைப்பும் இல்ல.

கடலோரம்_மீனா:
நான் ஆழ்கடல் பக்கம் வேலை பாக்கறவ, இந்தச் சண்டை எங்களுக்குப் பழசு. 1982 கடல் சட்ட ஒப்பந்தத்துல ஆழ்கடல் தரையை மனித குலத்தோட பொதுச் சொத்துன்னு வச்சாங்க, ஜமைக்காவோட கிங்ஸ்டன்ல சர்வதேச கடற்படுகை ஆணையம் உருவாச்சு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு ஒண்ணு உண்டு. ஒரு பணக்கார நாட்டுக் கம்பெனி உரிமம் கேட்டா சம மதிப்புள்ள ரெண்டு இடத்தைக் காட்டணும், ஒண்ணு அவனுக்கு, இன்னொண்ணு வளரும் நாடுகளுக்காக ஒதுக்கி வச்சுடுவாங்க. தரையில சுரங்கம் வச்சுப் பொழைக்கற ஏழை நாட்டுக்கு நஷ்டம் வந்தா என்ன பண்றதுன்னும் ஷரத்து இருக்கு. இந்தியா இதுல முன்னோடி முதலீட்டாளர், மத்திய இந்தியப் பெருங்கடல்ல 75,000 சதுர கிலோமீட்டர் நமக்கு ஒதுக்கி இருக்கு, பள்ளிக்கரணையில இருக்கற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் (என்ஐஓடி)தான் அதுக்கான நீர்மூழ்கி வேலையைப் பாக்குது. அதனால பொதுச் சொத்துன்னாலே முதலீடு வராதுன்னு சொல்றது சரியில்ல சார், முன்னாடியே இடத்தைக் குறிச்சுக் குடுத்ததாலதான் நம்ம மாதிரி நாடு உள்ளயே வர முடிஞ்சுது.

ஆனா முழுசா சந்தோஷப்படவும் முடியல. நவுரு தீவு கதையைப் பாருங்க. பாஸ்பேட்டை அடுத்தவன் தோண்டித் தோண்டி தீவோட நடுப்பகுதியே பாழாப் போச்சு, அந்தக் காசும் கரைஞ்சுடுச்சு. அதே நவுருதான் இப்ப ஒரு கனடா கம்பெனியோட ஆழ்கடல் சுரங்கத்துக்கு ஆதரவு நாடு. அந்தக் கம்பெனி வருஷக்கணக்கா ஆணையத்து முன்னாடி காத்துட்டு இருந்துட்டு, 2025 ஏப்ரல்ல டிரம்ப் ஆழ்கடல் சுரங்கத்துக்கு உத்தரவு போட்டதும் ஆணையத்தை ஓரம் கட்டிட்டு நேரா அமெரிக்க அரசுகிட்ட விண்ணப்பிச்சுடுச்சு. அமெரிக்கா அந்தக் கடல் ஒப்பந்தத்துலயே இல்ல. இவ்வளவு எழுதி வச்ச கடலுக்கே இந்த கதின்னா எழுதியே வைக்காத நிலாவுக்கு?

மூலதனம்77:
மீனா மேடம், நீங்களே சொல்லிட்டீங்க, இத்தனை வருஷமாகியும் அந்த ஆணையத்தோட வணிகச் சுரங்க விதி இன்னும் முடியல. விண்வெளியில அப்படி உக்காந்தா ஒரு தலைமுறை போயிடும். பகிர்வு வேணாம்னு நான் சொல்லல, முதல்ல எடுத்துக் காட்டட்டும், லாபம் வந்தப்புறம் பேசலாம். இல்லாத லாபத்துக்கு இப்பவே பங்கு கேட்டா எவன் போவான்?

ஒஸ்லோ_நிலவன்:
மூலதனம் அண்ணை, லாபம் வந்தாப் பிறகு கதைக்கலாம் எண்டுறது நடக்காது. நான் நோர்வேயில இருக்கிறன். இஞ்ச எண்ணெய்க் கம்பெனிக்கு லாபத்தில 78 வீதம் வரி, அப்பிடி இருந்தும் கம்பெனியள் ஓடேல்லை, நிண்டு எடுத்துக்கொண்டுதான் இருக்கினம். காரணம் என்னெண்டா எண்ணெய் கண்டுபிடிக்க முன்னமே கடலடி வளம் அரசின்ர உடைமை எண்டு சட்டம் போட்டிட்டினம், அது வந்த காசை 1990 சட்டத்தில ஒரு நிதியமாக்கிப் பிறக்கப் போற பிள்ளையளுக்கும் சேர்த்து வைச்சிருக்கினம். காசு கையில வந்தாப் பிறகு பங்கு கேட்டிருந்தால் ஒருத்தரும் தந்திருக்க மாட்டினம். முதலீடு செய்யிறவனுக்கும் என்ன வரி எண்டு முன்னமே தெரிஞ்சால்தான் கணக்குப் போடலாம்.

தேன்மொழி_கோவை:
காசு சட்டம் தாண்டி ஒண்ணு சொல்லணும். 2024 ஜனவரியில ஒரு அமெரிக்கத் தனியார் லேண்டர் செத்தவங்களோட சாம்பலை ஏத்திட்டு நிலாவுக்குக் கிளம்பினப்ப நவஹோ பழங்குடி மக்கள் நிலா எங்களுக்குப் புனிதம், அதுல சாம்பலைக் கொட்டாதீங்கன்னு கேட்டாங்க, யாரும் நிறுத்தல. எரிபொருள் கசிஞ்சு அது நிலாவுக்குப் போகவே முடியாம திரும்பி வந்தது வேற விஷயம். தனியார் கொண்டு போற பொருளை இந்தக் காரணம் காட்டித் தடுக்க ஒரு சட்டமும் அங்க இல்ல. நிலாவைப் பாத்து சோறு ஊட்டின எந்த ஊர் அம்மாகிட்டயும் யாரும் கேக்கப் போறதில்ல. மார்ட்டின் எல்விஸ், டோனி மில்லிகன்னு ரெண்டு அறிஞர்கள் 2019ல ஒரு யோசனை சொன்னாங்க, சூரியக் குடும்பத்தோட வளத்துல எட்டுல ஒரு பங்குக்கு மேல தொடக்கூடாது, மிச்சம் ஏழு பங்கும் காடு மாதிரி அப்படியே விட்டுடணும். பொருளாதாரம் வருஷத்துக்கு 3.5 சதவீதம் வளர்ந்தா அந்த எட்டுல ஒண்ணே சுமார் 400 வருஷத்துல தீர்ந்துடும்கறது அவங்க கணக்கு. நிலாவோட மறுபக்கம் பூமியோட ரேடியோ சத்தம் எட்டாத இடம், வானியல் ஆளுங்க அங்க தொலைநோக்கி வைக்க ஆசைப்படறாங்க. மெஷின் போய் எரைய ஆரம்பிச்சா அந்த அமைதி போச்சு, அதைக் காசு குடுத்தும் திரும்ப வாங்க முடியாது.

நாமக்கல்லான்:
தேன்மொழி அக்கா சொன்னதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நிலாவைத் தொடாதன்னு சொன்னா இங்க பூமியில தோண்டறது நிக்குமா? எங்க பக்கம் மலையே காணாமப் போறதைப் பாத்து வளந்தவன் நான், உசுரே இல்லாத எடத்துல தோண்டினா எங்க மலையாவது மிஞ்சும்னு தோணும். ஆனா நிலாவுல எடுக்கறது இங்க சுரங்கத்தைக் குறைக்கும்னு எந்தக் கம்பெனியும் எழுதிக் குடுக்கல. இதையும் தோண்டுவாங்க அதையும் தோண்டுவாங்க.

கரிசல்காட்டான்:
இவ்ளோ பேர் இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. இதை எல்லாம் படிச்சதும் எனக்கு ஒண்ணு உறுதியாத் தோணுது. கம்பெனிங்க இன்னும் தோத்துட்டு இருக்கற இந்தக் காலம்தான் விதி எழுத சரியான காலம். இப்ப யாருக்கும் லாபம் இல்ல, விட்டுக் குடுக்கறதுல யாருக்கும் பெரிய வலியும் இல்ல. ஒருத்தன் ஜெயிச்சுட்டா அப்புறம் அவன் கையில பணமும் இருக்கும், பழக்கமும் இருக்கும், "பத்து வருஷமா இப்படித்தான் நடக்குது"ன்னு சொல்வான். சுபா, மூலதனம் சொல்ற முதலீட்டு உறுதியும் வேணும், மீனாம்மா சொல்ற ஒதுக்கீடும் வேணும், இதை இந்தியா எங்க போய்க் கேக்க முடியும்?

வக்கீல்_சுபா:
ரெண்டு இடம் இருக்குண்ணா. ஒண்ணு ஐநாவோட விண்வெளிக் குழு, அதுக்குக் கீழ விண்வெளி வளத்துக்குன்னே ஒரு பணிக்குழு வியன்னாவுல கூடுது, 2027க்குள்ள கொள்கை வரைவு குடுக்கணும்னு திட்டம். அங்க முடிவு ஒருமித்த கருத்துலதான் எடுப்பாங்க, அதனால மெதுவாத்தான் போகும், ஆனா சின்ன நாட்டுக் குரலும் கேக்கற ஒரே மேசை அது.

ரெண்டாவது நம்ம சொந்தச் சட்டம். 2023 இந்திய விண்வெளிக் கொள்கையில தனியார் விண்வெளி வளத்தை எடுக்கலாம், வச்சுக்கலாம், விக்கலாம்னு எழுதி இருக்கு, இந்தியாவோட சர்வதேசக் கடமைக்கு உட்பட்டுங்கற ஒரு வரியோட. ஆனா அது கொள்கைதான், நாடாளுமன்றச் சட்டம் இல்ல. 2017ல ஒரு மசோதா வரைவு வந்துச்சு, பொதுமக்கள்கிட்ட கருத்து கேட்டாங்க, அதோட நின்னுடுச்சு. அடுத்த வரைவு வரும்போது கேக்க வேண்டியது மூணு நாலு விஷயம்தான். உரிமம் வாங்கறவன் எங்க எவ்வளவு எடுக்கறான்னு வெளிப்படையாப் பதியணும், உரிமத்துக்குக் காலக்கெடு வேணும், சும்மா இடத்தைப் பிடிச்சு வச்சா ரத்தாகணும், வருமானத்துல ஒரு சதவீதம் என்னன்னு முதல் நாளே எழுதணும், தோண்டறதுக்கு முன்னாடி அறிவியல் மாதிரி எடுத்து வச்சுடணும். நிலவன் சொன்னதுதான், முன்னாடியே தெரிஞ்சா மூலதனம் சார் மாதிரி ஆளுங்களே கணக்குப் போட்டு வருவாங்க.

மூலதனம்77:
சதவீதம் நியாயமா இருந்து, நடுவுல மாத்த மாட்டோம்னு எழுதிக் குடுத்தா எனக்குச் சம்மதம். நான் எதிர்க்கறது நிச்சயமில்லாத நிலைமையைத்தான்.

ராக்கெட்_ராசா:
சுபா அக்கா, மூணாவதா ஒரு இடமும் இருக்கு. சந்திரயான்-4, 2024 செப்டம்பர்ல அமைச்சரவை 2,104 கோடிக்கு ஒப்புதல் குடுத்துடுச்சு, நிலாவுல மண்ணு எடுத்து பூமிக்குக் கொண்டு வரப் போறோம். வாசகத்தை விட நடைமுறைதான் சர்வதேசச் சட்டத்தை உருவாக்குதுன்னா நம்ம கையிலயும் ஒரு நடைமுறை வரப் போகுது. அப்போலோ 11 துணுக்கை அமெரிக்கா 135 நாட்டுக்குக் குடுத்துச்சு, ரியூகு விண்கல்லுல இருந்து கொண்டு வந்த 5.4 கிராம்ல ஜப்பான் பத்துல ஒரு பங்கை நாசாவுக்குக் குடுத்துச்சு, சாங்கே-5 விண்கலம் கொண்டு வந்த நிலா மண்ணை சீனா 2025ல அமெரிக்க ஆய்வகத்துக்கும் பாகிஸ்தானுக்கும் கூட இரவல் குடுக்க ஒத்துக்கிச்சு. இஸ்ரோ கிளம்பறதுக்கு முன்னாடியே, இதுல இத்தனை பங்கு சொந்தமா விண்கலம் இல்லாத நாடுகளோட பல்கலைக்கழகத்துக்குன்னு எழுதி அறிவிக்கணும். இலங்கை, நேபாளம், கென்யாவுல இருக்கற ஒரு மாணவி விண்ணப்பம் போட்டு வாங்கற மாதிரி.

நாமக்கல்லான்:
ராசா தம்பி, அதுக்கு மனு எழுதறதுன்னா நானும் கையெழுத்து போடறேன். ஒப்பிட்டுப் பாக்க சித்தம்பூண்டிக் கல்லும் ஒரு துண்டு கூட வச்சு அனுப்பச் சொல்லுங்க, படிக்கற புள்ளைங்களுக்கு உதவும்.

வக்கீல்_சுபா:
வரைவை நான் எழுதறேன். மீனா அக்கா, அந்த ரெண்டு இட ஒதுக்கீட்டு ஷரத்தோட எண்ணை மட்டும் தனிச்செய்தியில அனுப்புங்க, வாசகத்தை அதுல இருந்தே எடுத்துக்கறேன்.